கேகாலையில் நான் நிறுத்திய பாட்டு

இலங்கைக்கு நான் போனது நடுவராக. கேகாலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் தமிழ் ராப் போட்டி வைக்கிறோம், சென்னையிலிருந்து ஒருவர் வந்தால் நன்றாக இருக்கும் என்று நிரோஷன் கூப்பிட்டான். அவன் கொழும்புக்காரன். நேரில் பார்க்காமலேயே என்னோடு சேர்ந்து நான்கு பாட்டுகள் செய்தவன். நான் வடபழனியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இருபதுகளில் நானும் ராப் எழுதிப் பாடியவள்தான். ஐந்து நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஒரு நாள் போட்டி, மிச்சமெல்லாம் ஊர் சுற்றல் என்பது திட்டம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேகாலையில் இறங்கியபோது நல்ல மழை. இலங்கை மலைப்பக்கம் என்றால் தேயிலை என்று மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் ரப்பர். ஒரே வயது மரங்கள் வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்து, இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டிக்கொண்டு நின்றன. பால் வெட்டிய இடத்தில் மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க அந்தப் பாவாடை என்று பிறகு தெரிந்தது. மரத்தடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேங்காய்ச் சிரட்டை.

பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டேன். பாண் என்பது நம் ஊர் பிரெட். வெட்டாமல் பெரிய துண்டாகத் தருகிறார்கள். சம்பலின் காரத்தில் கண்ணீர் வந்தது. கல்லாவில் இருந்தவர் பரிமாறுகிறவரிடம் சிங்களத்திலும் என்னிடம் தமிழிலும் ஒரே மூச்சில் பேசினார்.

“இந்தியாவா மிஸ்? மெட்ராஸா? எங்க தாத்தா ஊரு புதுக்கோட்ட. நா போனதில்ல” என்றார். நானும் போனதில்லை என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம்.

சனிக்கிழமை காலை மண்டபம் நிறைந்துவிட்டது. முந்நூறு பேராவது இருக்கும். பாதிப் பேர் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். மீதிப் பேர் கேகாலை நகரத்தார், சிங்களவர்களும் தமிழர்களும். போட்டியாளர்கள் பன்னிரண்டு பேர். நடுவர்கள் மூவரில் நான் ஒருத்தி. மற்ற இருவரும் கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள், அவர்களில் ஒருவர் வானொலிக்காரர். எங்கள் மூவரில் யாரும் அதற்கு முன் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை.

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் ‘சொந்த வரிகள் மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த விதியை நிரோஷனிடம் கேட்டு வாங்கியவள் நான்தான். அதற்குக் காரணம் உண்டு. எனக்கு இருபத்திரண்டு வயதில் நான் எழுதிய எட்டு வரிகளை இன்னொருவன் தன் பெயரில் பாடி, அது ஊரெல்லாம் ஓடியது. ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட்டுக்காரரின் போனில் என் வரிகளை நானே கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் பாடவில்லை. ராப்பில் தாளத்தை யாரும் எடுக்கலாம், அடுத்தவர் வரியை எடுக்கக் கூடாது. நான் கற்றது அது ஒன்றுதான். அதில் எனக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது.

முதலில் வந்தவன் யோகேஷ் என்ற பையன். தாளம் தொடங்கியதும் இப்படி ஆரம்பித்தான்:

அட்ரஸு கேக்காத, எழுதத் தெரியும், எழுத ஒண்ணுமில்ல;
லயத்துக்கு நம்பரில்ல, ரோட்டுக்குப் பேருமில்ல;
ஒட்டுப்பாலு வாடையப் புடிச்சி மேல ஏறி வா நீ;
ஒரு சத்தம் குடு போதும், ஓடி வருவேன் நானு, யோகேஷ்!

லயம் என்றால் இங்கே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அவன் தன் பெயரைச் சொன்னதும் மண்டபத்தின் பாதி “யோகேஷ்!” என்று ஒரே குரலில் கத்தியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பையனுக்கு நல்ல ரசிகர் கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன். ‘தொடக்கம் அருமை’ என்று தாளில் எழுதினேன்.

இரண்டாவதாக வந்தவள் தர்ஷினி. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள்போல இறுக்கிப் பின்னிய சடை. மைக்கைக் கையில் வாங்கி, கண்ணை மூடி, “அட்ரஸு கேக்காத” என்று தொடங்கினாள்.

நான் நிமிர்ந்தேன். இரண்டாவது வரியும் அதே. மூன்றாவதும் அதே. நான்காவது வரியில் “ஓடி வருவேன் நானு” வரை வந்தபோது கையை உயர்த்தினேன். தாளம் போடுகிறவர் நிறுத்திவிட்டார்.

“இது முன்னாடி பாடினவரோட வரிதானே?” என்று மைக்கில் கேட்டேன்.

“அவரோடது இல்லீங்க மிஸ்.”

“அப்ப உங்களோடதா?”

“இல்லீங்க. எல்லாரும் சொல்லுறது.”

“போட்டி விதியைப் படிச்சீங்களா?”

“படிச்சேங்க.”

“அப்படின்னா நீங்க இறங்கலாம்.”

அவள் உடனே இறங்கவில்லை. மைக் இன்னும் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. எதையோ சொல்ல வாய் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். மைக்கை அதன் கம்பியில் கவனமாகச் செருகிவிட்டுப் படியிறங்கிப் போனாள். மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. நான் யோகேஷின் தாளை எடுத்து அவன் பெயரையும் அடித்தேன். நியாயத்தைச் சபை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றுகூட எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் தடுமாறினார்கள். தாளம் தொடங்கும், அவர்கள் தொடங்கமாட்டார்கள். ஒரு பையன் மூன்று முறை முதலிலிருந்து போடச் சொன்னான். ஒரு பெண் முதல் நான்கு வரிக்கான நேரத்தைச் சும்மா நின்று கழித்துவிட்டு அதற்குப் பிறகே வாய் திறந்தாள். பயம் என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். தடுமாறாதவன் ஒருவன் மட்டும்தான். ஒன்பதாவதாக வந்த பிரதீப். கரவனெல்ல பஜாரில் அப்பாவின் பலசரக்குக் கடையில் நிற்கிறவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். தாளம் விழுந்ததும் தன் வரியைப் பிடித்துவிட்டான். அவனுக்கே முதல் பரிசு. கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு நாள் பதிவு. பரிசு வாங்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே நடுவர்கள் பேசினோம். வானொலிக்காரர் கேட்டார்: “ஜாஸ் வாசிக்கிறவங்க ஸ்டாண்டர்ட் என்டு சொல்லுவாங்களே, எல்லாருக்கும் பொதுவான பாட்டு, அது ஹிப்-ஹாப்பில இருக்கா?”

இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். எங்கள் கூடத்தில் சாக்ஸபோன் வாசிக்கிற பீட்டர் அந்தப் பாட்டுகளில் முப்பது நாற்பது தெரிந்தவர். யார் வந்து நின்றாலும், பெயர்கூடக் கேட்காமல், ஒன்றைச் சொன்னால் சேர்ந்து வாசித்துவிடுவார். பாட்டு யாருடையது என்று யாரும் சண்டை போடுவதில்லை. ராப் அப்படியல்ல, இங்கே ‘நான்’ என்று சொன்னால் சொல்கிறவர்தான் அந்த நான், அடுத்தவருடைய நானை வாயில் போட்டுக்கொண்டால் அது பொய், திருட்டு என்றேன். இன்று நிறுத்தியதும் அதனால்தான் என்றேன். வானொலிக்காரர் தலையாட்டினார். நிரோஷன் மட்டும், “அந்தப் பிள்ளைய முடிக்க விட்டுட்டு மார்க்ஸ்ல குறைச்சிருக்கலாம் அக்கா” என்றான். எனக்குப் பிடிக்கவில்லை. ரொட்டியும் ஆறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரத்தினபுரிக்கு இரத்தினக்கல் வியாபாரம் பார்க்கக் கிளம்பினேன். பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் ஒரு புத்தர் சிலை, ஒரு பிள்ளையார் படம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பூமாலை. நம் ஊர் தனியார் பஸ் டிரைவர்கள் இவரிடம் பாடம் படிக்கலாம். வளைவுக்கு வளைவு ஹாரனிலேயே ஓட்டினார். கரவனெல்ல வந்ததும் வண்டிக்குக் கீழே டங்கென்று ஒரு சத்தம். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டேன். நடத்துனர் வானத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் பிரதீப்பின் ஊர் இது என்பது நினைவுக்கு வந்தது. பஜாரில் இரண்டு பேரிடம் கேட்டேன், கடையைக் காட்டிவிட்டார்கள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்று ஓர் அம்மாவுக்குச் சிங்களத்தில் பேசிப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தராசு கையிலேயே நின்றது. வாழ்த்தத்தான் வந்தேன் என்றேன். அவன் பிளேன்டீ, அதாவது பால் விடாத டீ, வரவழைத்தான். ஆனால் முகம் கொடுக்கவில்லை.

“என்ன தம்பி, ஜெயிச்ச ஆளு மாதிரியே இல்லையே?”

“நா ஜெயிக்கலக்கா” என்றான். “மத்தவங்க ஆரம்பிக்க முடியாம போனதுல நா நின்னேன். அவ்வளவுதான்.”

புரியவில்லை என்றேன். அவன் பருப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அந்த அம்மாவை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“இந்தப் பக்கத்துத் தோட்டங்கள்ல அந்த நாலு வரி சொல்லாம யாரும் ராப் ஆரம்பிக்கிறதில்ல. நாலாவது வரி கடைசில அவங்கவங்க பேரு. பேரச் சொன்னதும் இருக்கிற சனம் அந்தப் பேர ஒரு தடவ கூப்புடும். அதுக்கப்புறந்தான் சொந்த வரி. நீங்க தர்ஷினிய நிறுத்தினதும் மத்த எல்லாரும் அந்த நாலு வரிய விட்டுட்டாங்க. வுட்டதும் எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.”

நான் டீயைக் கீழே வைத்தேன். நேற்று ஒன்பது பேர் ஒருவர் பின் ஒருவராக மேடையில் தடுமாறி நின்றது கண்முன் வந்தது. என் தாளில் ‘பயம், பயம்’ என்று எழுதிக்கொண்டே போனதும்.

“நீ மட்டும் எப்படித் தடுமாறல?”

“நா அத சொல்றதேயில்ல. எங்க கடைக்கி நம்பரு இருக்கு, ரோட்டுக்குப் பேரு இருக்கு. கடுதாசி நேரா வீட்டுக்கு வருது. நா ‘எழுத ஒண்ணுமில்ல’ன்னு சொன்னா பொய்தானே? லயத்துல இருக்கிறவங்க யார் வேணும்னாலும் சொல்லலாம். யார் சொன்னாலும் உண்மதான். சொல்றதுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. கூப்புடுறதுக்கு யாருக்கும் தடையில்ல. நா கூட நின்னு கூப்புடுவேன்.”

கடைக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. யார் சொன்னாலும் உண்மை என்கிற ‘நான்’ ஒன்று ராப்பில் இருக்கக்கூடும் என்று நான் யோசித்ததே கிடையாது. பீட்டரின் பாட்டுகளை யாரும் வாசிக்கலாம். இதையோ எல்லோரும் சொல்ல முடியாது. ஆனாலும் இதுவும் ஒரு ஸ்டாண்டர்ட்தான், ஒருவேளை அவற்றைவிடக் கறாரானது. நடுவர் மேசையில் உட்கார்ந்து ஒரு பெண்ணைத் திருடி என்றல்லவா முந்நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். இரத்தினபுரிப் பயணம் அத்தோடு முடிந்தது.

“தர்ஷினி வீடு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

பிரதீப் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஒரு த்ரீவீல் பிடித்தான். நம் ஊர் ஆட்டோதான். இங்கே பெயர் வேறு. பாதி வழியில் சரளைப் பாதை ஏற்றத்தில் அது மூச்சை விட்டுவிட்டது. டிரைவர் இறங்கச் சொல்லி, மூவருமாகக் கொஞ்ச தூரம் தள்ளினோம். பிறகு நடந்தோம். ரப்பர் மரங்களுக்கு இடையில் ஒரு நாற்றம் வந்தது. புளித்த பாலும் பழைய காலுறையும் சேர்ந்தாற்போல. சிரட்டையில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சப் பாலை உரித்துச் சேர்த்து வைப்பார்களாம். அதுதான் ஒட்டுப்பால். அந்த வாடை எங்கிருந்து வருகிறதோ அங்கே லயங்கள் இருந்தன. போர்டு எதுவும் இல்லை.

தர்ஷினி வாசலில் உட்கார்ந்து ஒட்டுப்பாலிலிருந்து பட்டைத் துணுக்குகளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்தாள். அவளுடைய அம்மா உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

“நேத்து நான் செஞ்சது தப்பு” என்று உட்காராமலேயே சொன்னேன். “எனக்குத் தெரியாமப் போச்சு. கேட்டிருக்கணும். மன்னிச்சிருங்க.”

“தெரியாமத்தானே மிஸ் செஞ்சீங்க” என்றாள். “உக்காருங்க.”

அவள் அம்மா பிளேன்டீயும் கித்துள் பனையின் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்தார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே டீயைக் குடிக்க வேண்டும் என்று பிரதீப் காட்டிக்கொடுத்தான். அந்த நாலு வரியை முதலில் யார் சொன்னது என்று நான் கேட்டேன்.

“மண்ணு சரிஞ்ச வருசம், ஸ்கூல்ல கேம்ப்பு போட்டு எல்லாரையும் வச்சிருந்தாங்க. ஃபோரம் நெரப்ப வந்தாங்க. அட்ரஸ்னு ஒரு எடம். எல்லாரும் அந்த எடத்த சும்மா வுட்டோம். திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. ராவு பகலா சும்மா இருக்கிற பயலுக அதையே பாட்டாக்கிட்டானுங்க. யாரு மொதல்லன்னு இப்ப யாருக்கும் தெரியாது. நாலஞ்சு பேரு நாந்தான்னு சொல்லுவாங்க.” லேசாகச் சிரித்தாள்.

பிறகு கையிலிருந்த பாலுருண்டையைச் சட்டியில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“நீங்க நிறுத்துன எடத்துல நா என் பேரச் சொல்லப் போகல மிஸ்.”

“பின்னே?”

“கௌரி. என் தங்கச்சி. அந்த மண்ணுல போனவ. பதினோரு வயசு.”

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் அம்மாவின் கை நின்றது. பிரதீப் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் இது தெரியாது என்று முகம் சொன்னது.

தர்ஷினி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பழைய லயம் மலையடியில் இருந்தது. விடியற்காலம் இவளும் அம்மாவும் பால் வெட்டப் போய்விட்டார்கள். கௌரிக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தாள். மலை இறங்கி வந்து கடைசி மூன்று காம்பராவை மூடியது. காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் அறை. ஓடி வந்து பார்த்தபோது கதவு இருந்த இடம் தெரியவில்லை. இயந்திரம் வர ஒரு நாள் ஆனது. அதுவரையும் அதற்குப் பிறகும் எல்லோரும் மண்மேல் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு, பதில் கேட்கிறதா என்று எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுப்பார்கள். மறுபடி கூப்பிடுவார்கள். மூன்று நாள்.

சனிக்கிழமை மண்டபத்தில் நான் கையை உயர்த்தியபோது விழுந்த அந்த அமைதி எதுவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் என் நியாயத்தை ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. ஒரு பெயரைக் கூப்பிடுவதற்காக மூச்சை இழுத்து வைத்திருந்தார்கள். நான் அதை வெளியே விடவிடவில்லை.

வாசலிலிருந்தே நிரோஷனுக்குப் போன் செய்தேன். சிக்னலுக்காக ஒரு மேட்டில் ஏறி நிற்க வேண்டியிருந்தது. அவன் முழுவதையும் கேட்டான். “அக்கா, முடிவ அறிவிச்சாச்சு. ஹோலுக்கு, ஸ்பொன்சருக்கு எல்லாம் நான் இனி எங்க போக? அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றான். அவன் குரலிலும் வருத்தம் இருந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இறங்கி வந்து தர்ஷினியிடம் கேட்டேன். “நாளைக்கு இங்கயே, எல்லார் முன்னாலயும் முழுசா சொல்வீங்களா? நான் கேட்கணும். முழுசாக் கேட்காமத்தான் இறங்கச் சொன்னேன்.”

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

“சரிங்க மிஸ். வெட்டு முடிஞ்சு வந்து சொல்லுறேன்.”

அன்றிரவு பிரதீப் வீட்டில் தங்கினேன். அவனுடைய அம்மா இடியப்பமும் சொதியும் வைத்தார். அப்பாவுக்குச் சொல்லாமலேயே பரிசைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பிரதீப் கேட்டான். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்காது, போய்ப் பதிவு செய் என்றேன். சொன்ன பிறகு அதுவும் சரியா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் பெரட்டுக்களத்தில் கூடினார்கள். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்குப் பிரித்து அனுப்புகிற திடல் அது. எண்பது பேருக்குக் குறையாது. பால் வெட்டிவிட்டு வந்தவர்கள், கைக்குழந்தையோடு பெண்கள், பக்கத்துக் கிராமத்திலிருந்து சிங்களப் பையன்கள் மூன்று பேர். சனிக்கிழமை மண்டபத்தில் இருந்த முகங்கள் சிலவும் தெரிந்தன. அவர்கள் என்னை முறைக்கவில்லை. ஒரு பெரியம்மா நகர்ந்து தன் பக்கத்தில் இடம் கொடுத்தார். பிரதீப் கடையிலிருந்து ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தான்.

தாளம் தொடங்கியது. தர்ஷினி வேலைக்குப் போன சட்டையோடேயே நின்றாள். முழங்கையில் காய்ந்த பால் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கண்ணை மூடினாள். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. திடல் முழுக்க மூச்சை உள்ளே இழுப்பது எனக்குக் கேட்டது. நானும் இழுத்தேன். கௌரி என்று கத்த வாய் தயாராக இருந்தது.

“ஒரு சத்தம் குடு போதும், ஓடி வருவேன் நானு, தர்ஷினி!”

“தர்ஷினி!” என்றது திடல். என் வாயில் முதல் எழுத்து வேறாக வந்துவிட்டது. அது யாருக்கும் கேட்டிருக்காது.

அவள் நிற்காமல் சொந்த வரிக்குள் போனாள். விடியலுக்கு முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவதை, கத்தியின் இழுப்பை, ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் எத்தனை அடி என்பதை அந்த அடிகளின் தாளத்திலேயே சொன்னாள். முந்நூறு மரமும் தன்னைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வதாக ஒரு வரி. வெட்டு வாங்கும் மரம் எங்கே பார்க்கும் என்று அடுத்த வரி. சனிக்கிழமை நான் கேட்ட பன்னிரண்டு பேரில் இப்படி ஒன்று இல்லை. அதாவது, நான் கேட்க விட்டவர்களில் இல்லை.

முடிந்ததும் கைதட்டினார்கள், சிரித்தார்கள், யாரோ ஒரு பையன் அடுத்து வந்து அதே நாலு வரியைத் தன் பெயரோடு சொன்னான். அவனுக்குப் பிறகு இன்னொருத்தி. நான் ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டேன். குரல் கட்டிவிட்டது.

என்னைப் பஸ் ஏற்றிவிட தர்ஷினி தார் ரோடு வரை இறங்கி வந்தாள். பிரதீப் ஸ்பீக்கரோடு பின்னால் வந்தான். நான் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்டேவிட்டேன்.

“ஏன் கௌரி பேரைச் சொல்லல?”

“இங்க எல்லாரும் அவளக் கூப்புட்டவங்கதான் மிஸ். மூணு நாளு கூப்புட்டாங்க. அவங்களுக்கு அவ பேரு தெரியும்.” ஈரப் பாதையில் பார்த்துக் கால் வைத்தாள். “அன்னைக்கி அந்த ஹோல்ல டவுன் ஆளுக இருந்தாங்க. அவ பேரே தெரியாதவங்க. அவங்க வாயால ஒரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்காகத்தான் பேரு குடுத்தேன் போட்டிக்கி.”

பஸ் நிறுத்தத்தில் கூரை இல்லை. தூறல் போட்டது. நானும் ஒரு டவுன்காரிதான், அவள் தங்கையின் பெயர் நேற்றுவரை தெரியாதவள்.

“நான் கூப்பிட்டா?” என்றேன்.

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே யோசித்தாள்.

“நீங்க ஒரு ஆளு மட்டும்னா… பத்தாதுங்க மிஸ்” என்றாள்.

கோபத்தில் சொன்னதல்ல. அளந்து பார்த்துச் சொன்னாள். நான் தலையசைத்தேன். அடுத்த வருஷம் அந்த மண்டபத்தில் போட்டிக்கு முன்னால் அவளை மேடையேற்றும்படி நிரோஷனிடம் கேட்பேன் என்றேன். வருவீர்களா என்றேன்.

“வருசம் இருக்கே மிஸ். பாப்போம்.”

கொழும்பு பஸ் வந்தது. அவள்தான் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டி நிறுத்தினாள். நான் ஏறும்போது நடத்துனரிடம் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, முன்பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்.

வண்டி கிளம்பி, மரங்கள் பின்னால் போகத் தொடங்கியதும் அவரிடம் கேட்டேன், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று. அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வந்தது.

“இவங்க எங்கட ஆளு, இடம் தெரியாது, பார்த்து எறக்கிவிடுங்க. அப்பிடித்தான் சொன்னது” என்றார்.